நள்ளிரவு இருமலைத் தேடிப் போனவர்கள்

ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் யாருக்காவது தும்மலும் இளைப்பும் விடாமல் இருந்தால், "அவருக்கு ஈஸ்னோபீலியா" என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டிலிருந்து வீட்டுப் பேச்சுக்குள் குடியேறிவிட்ட சொல் அது. ஆனால் அது ஒரு கணக்கை மட்டுமே சொல்கிறது: ஈசினோபில் என்ற வெள்ளணு ரத்தத்தில் அளவுக்கு மேல் இருக்கிறது. ஏன் கூடியது என்று சொல்வதில்லை. ஒவ்வாமை, குடற்புழு, ஆஸ்துமா, யானைக்கால் புழு, சில மருந்துகள் என்று எது வேண்டுமானாலும் அந்தக் கணக்கை ஏற்றலாம்.

மூச்சுக்குழாயின் நோய் எதிர்ப்பை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், அந்த "ஏன்" என்ற கேள்வியோடு முப்பது நாற்பது ஆண்டுகளைக் கழிக்கிறார். கேள்வி மாறுவதில்லை, அதைக் கேட்கும் கருவிதான் மாறுகிறது. முதலில் எக்ஸ்ரே, அடுத்து திசுத்துண்டு, பிறகு நுரையீரலைக் கழுவி எடுத்த நீர், கடைசியில் ஒற்றைப் புரதம். இந்த வரிசையில் ஒரு முக்கியமான படி வேலூரில் ஏறியது. அந்தச் செய்தி வேலூரிலேயே பலருக்குத் தெரியாது.

முதலில் அந்த அணுவைப் பற்றி. 1879இல் பால் எர்லிக், ஈயோசின் என்ற சாயத்தை உறிஞ்சி ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரியும் துகள்கள் நிறைந்த ஒரு வெள்ளணுவை அடையாளம் கண்டார். ஈசினோபில் என்ற பெயர் அப்படி வந்தது. ரத்தத்தில் அது சில மணி நேரமே உலவும். பிறகு திசுக்களுக்குள் போய்விடும். அதன் துகள்களில் இருக்கும் புரதங்கள் புழுவின் தோலை அரிக்கக்கூடியவை. அதே புரதங்கள் மூச்சுக்குழாயின் உள்வரி அணுக்களையும் அரிக்கும். புழுவைக் கொல்ல வைத்த ஆயுதம் வீட்டுச் சுவரையே பெயர்ப்பதுதான் ஈசினோபில் சார்ந்த நுரையீரல் நோய்களின் அடிப்படை.

கணக்குப் பார்ப்பதிலேயே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சீட்டில் விழுக்காடு மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது. மொத்த வெள்ளணு 4,000. ஈசினோபில் 10 விழுக்காடு என்றால் ஒரு மைக்ரோலிட்டரில் 400 மட்டுமே. இது 500 என்ற வழக்கமான மேல்வரம்புக்குள் இருக்கிறது. மொத்தம் 12,000, ஈசினோபில் 40 விழுக்காடு என்றால் 4,800. இதுதான் கவலைப்பட வேண்டிய எண். விழுக்காட்டைப் பெருக்கிப் பார்க்காத சீட்டு பாதிச் சீட்டுதான்.

மதனப்பள்ளி முதல் வேலூர் வரை

வேலூரிலிருந்து சித்தூர் வழியாக வடமேற்கே போனால் மதனப்பள்ளி. அதன் அருகில் ஆரோக்கியவரம் மருத்துவமனை இருக்கிறது. அப்போது அது காசநோய் மருத்துவமனை. காசநோய் என்று அங்கே வந்தவர்களில் சிலரின் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் பொடிப்பொடியான நிழல். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ரத்தத்திலோ ஈசினோபில் மிக அதிகம். 1940இல் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் இதைக் காசநோய் போலத் தோன்றும் தனி நிலை என்று எழுதினார்கள். 1943இல் வைங்கார்ட்டன் இதற்கு "வெப்பமண்டல ஈசினோபீலியா" என்று பெயரிட்டார். ஆர்சனிக் கலந்த மருந்து இதற்குக் கேட்டது. ஏன் கேட்டது என்று அப்போது தெரியவில்லை.

நோயின் முகம் தெளிவாக இருந்தது. பெரும்பாலும் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள். இருமலும் இளைப்பும் நள்ளிரவுக்கு மேல், விடியும்வரை வாட்டும். லேசான காய்ச்சல், எடை குறைவு. யானைக்கால் நோய் உள்ள பகுதிகளில்தான் இது அதிகம் என்பதால் அந்தப் புழு மீது சந்தேகம் விழுந்தது. யானைக்கால் மருந்தான டைஎதில்கார்பமசின், அதாவது நம் பக்கம் ஹெட்ரசான் என்று அறியப்பட்ட மாத்திரை, இந்த நோயையும் அடக்கியபோது சந்தேகம் வலுத்தது. இருந்தும் ஒரு முட்டுக்கட்டை: இந்த நோயாளிகளின் ரத்தத்தை இரவு எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் மைக்ரோபைலேரியா, அதாவது அந்தப் புழுவின் நுண்குஞ்சு, அகப்படவில்லை. புழு இல்லாத புழு நோயா?

1960இல் லான்செட் இதழில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மூவர் இதற்கு விடை எழுதினார்கள்: குழந்தை மருத்துவர் வெப், நோயியல் அறிஞர்கள் ஜாப், கால்ட். நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நெறிக்கட்டி ஆகியவற்றின் திசுவில் மைக்ரோபைலேரியாவைக் காட்டினார்கள். ரத்தத்தில் இல்லாதது உறுப்புகளுக்குள் சிக்கிக் கிடந்தது. ஜாப் பிற்காலத்தில் தொழுநோய் நோயியலில் உலகறிந்த பெயரானார்.

இது எவ்வளவு பொறுமையான வேலை என்பதற்கு அளவுகளே சாட்சி. மைக்ரோபைலேரியாவின் நீளம் ஏறத்தாழ 250 முதல் 300 மைக்ரான், அகலம் 7 முதல் 9 மைக்ரான். திசுவைப் பாரஃபின் மெழுகில் பொதித்து 5 மைக்ரான் கனத்தில் சீவும்போது, முழுப் புழு ஒரே சீவலில் கிடப்பது அரிது. குறுக்கே வெட்டுப்பட்டால் சில நீலப் புள்ளிகள்தான் தெரியும். அதைச் சுற்றி ஈசினோபில் குவியல் அமுக்கிக்கொண்டிருக்கும். சிதைந்த அணுவின் கரு என்று கடந்துவிடுவது மிக எளிது. அடுத்தடுத்த சீவல்களை வரிசை தவறாமல் ஸ்லைடில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தால்தான் புள்ளிகள் கோடாகி, கோடு புழுவாகும். சீவும் கத்தியில் சிறு பிசிறு இருந்தாலும் நடுவில் நான்கு சீவல் கிழியும், தொடர்ச்சி போய்விடும்.

ரத்தத்தில் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் இதிலேயே காரணம் இருந்தது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கி, இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். புழுவோடு சமாதானமாகிவிட்ட உடலில் இந்தப் போக்குவரத்து தடையின்றி நடக்கிறது. மிகையாக எதிர்வினை புரியும் சிலருக்கோ, நுரையீரலைத் தாண்டவிடாமல் எதிரணுக்கள் அவற்றைப் பிடித்து நொறுக்குகின்றன. ஆகவே ரத்தம் சுத்தம், நுரையீரல் போர்க்களம்.

கழுவி எடுத்த நீர்

திசுத்துண்டு ஒரு நாளின் படம். நோய் வளர்வதையும் மருந்துக்கு அடங்குவதையும் பார்க்க, அதே நுரையீரலை மறுபடி மறுபடி தொட்டுப் பார்க்கும் வழி வேண்டும். பிராங்கோஸ்கோப், அதாவது மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் வளையும் குழல், வழியாகச் சலைன் செலுத்திக் கழுவி எடுப்பது அந்த வழி. 1987இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் விஜயன், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நட்மன், கிறிஸ்டல் முதலியோர் சேர்ந்து வெப்பமண்டல ஈசினோபீலியா நோயாளிகளின் கழுவுநீரை ஆராய்ந்தார்கள். ஆரோக்கியமான நுரையீரலின் கழுவுநீரில் ஈசினோபில் 1 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதில்லை. இவர்களிடம் மொத்த அணுக்களில் பாதியளவு அதுவே. மருந்து தொடங்கி 6 முதல் 14 நாள்களுக்குள் அது சரசரவென்று இறங்கியது. அத்தோடு விட்டிருந்தால் மகிழ்ச்சியான முடிவு. ஏறத்தாழ ஓராண்டு கழித்துச் சிலரை மீண்டும் கழுவிப் பார்த்தபோது, இருமல் நின்றவர்களிடமும் லேசான அழற்சி எஞ்சியிருந்தது. அந்த முடிவு 1990இல் வெளியானது. அறிகுறி போனதும் நோய் போய்விட்டதாகக் கணக்கை மூடக்கூடாது என்பதற்கு இதைவிட நேரான சான்று இந்தத் துறையில் குறைவு. விஜயன் பின்னர் டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் இயக்குநரானார்.

இந்தக் கழுவல் எழுதுவதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். இளம் ஆய்வாளரின் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் இதைச் சரியாகச் செய்யக் கற்பதிலேயே போகும்.

நோயாளி வெறும் வயிற்றில் வரவேண்டும். தொண்டையும் குரல்வளையும் லிக்னோகெயினால் மரத்துப்போகச் செய்தபின், கருவியின் முனை வலது நடு மடலின் கிளையொன்றில் ஆப்பு போலப் பொருந்தும்வரை செலுத்தப்படும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு அந்த மடலிலிருந்து நீர் நன்றாகத் திரும்பும். அதனால்தான் அந்த இடம். உடல் சூட்டுக்குக் கொண்டுவந்த சலைனை 20 மில்லி வீதம் ஐந்து அல்லது ஆறு தடவை செலுத்தி, ஒவ்வொன்றையும் உடனே மெல்ல இழுக்க வேண்டும். மொத்தம் 100க்குக் குறையாமலும் 300 மில்லிக்கு மேற்படாமலும் இருக்கலாம். செலுத்தியதில் 30 விழுக்காடாவது திரும்பினால் நம்பலாம். 5 விழுக்காட்டுக்கும் குறைந்தால் அதை எண்ணுவதில் பயனில்லை.

கெடுவது எங்கே? இழுக்கும் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் போனால் மென்மையான குழாய்ச் சுவர் ஒட்டிக்கொண்டு நீர் வராது, ரத்தமும் கசியும். இருமலில் முனை நழுவினால் நுரையீரலின் நீருக்குப் பதில் மேல்குழாயின் சளிதான் வரும். ஸ்லைடில் உள்வரி அணுக்கள் 5 விழுக்காட்டுக்கு மேல் தெரிவது அதற்கு அடையாளம். முதல் 20 மில்லி பெரும்பாலும் குழாயைக் கழுவியது, காற்றறையைக் கழுவியதல்ல. அதைத் தனியாக வைப்பது நல்லது. கண்ணாடிக் குப்பியில் பிடித்தால் மேக்ரோபேஜ் என்ற விழுங்கணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; அப்போது மற்ற அணுக்களின் விழுக்காடு பொய்யாக ஏறும். ஆகவே பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் குழாய். சித்திரை வைகாசி வெயிலில் வேலூரில் பனிக்கட்டிப் பெட்டி இல்லாமல் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் தூக்கிச் செல்லும் பத்து நிமிடமும் அணுக்களுக்குக் கேடுதான். ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்க வேண்டும்.

ஆய்வகத்தில் மெல்லிய வலைத்துணியில் சளியை வடிகட்டி, 4 டிகிரி குளிரில், புவியீர்ப்பின் 250 முதல் 300 மடங்கு விசையில் பத்து நிமிடம் சுழற்றுவார்கள். அடியில் தங்கிய அணுக்களைச் சிறிது நீரில் கலந்து, ஸ்லைடுக்கு 50,000 முதல் 1,00,000 வரை படியவைப்பார்கள். அதிகம் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதுவும் தெரியாது. பிறகு மே-குருன்வால்ட் ஜீம்சா சாயம். சாயத்தோடு சேரும் தாங்கல் கரைசலின் காரகாடி அளவு (pH) 6.8 பக்கத்தில் இருக்க வேண்டும். காரம் ஏறினால் ஈசினோபிலின் செந்துகள் சாம்பல் நீலமாகி, நியூட்ரோபில் என்ற வேறொரு வெள்ளணுவாக எண்ணப்பட்டுவிடும். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கடினத்தன்மை மிகுந்தது. குழாய்த் தண்ணீரில் ஸ்லைடைக் கழுவும் பழக்கம் இங்கே எண்ணிக்கையையே மாற்றிவிடும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். குறைந்தது 300 அணுக்களை இருவர் தனித்தனியே, நோயாளி யார் என்று தெரியாமல் எண்ண வேண்டும்.

மேலே நிற்கும் தெளிந்த நீரும் வீணல்ல. அரை மில்லி வீதம் பிரித்து, உறைநிலைக்குக் கீழ் 80 டிகிரியில் வைப்பார்கள். பெரிய குப்பியாக உறையவைத்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் உருக்கி உறையவைத்தால் சைட்டோகைன் என்ற, அணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்கள் சிதையும். இன்னொரு சங்கடம், அந்த நீரில் நுரையீரல் மேற்பூச்சு நீர் எவ்வளவு, நாம் செலுத்திய சலைன் எவ்வளவு என்று பிரித்தறிவது. யூரியா எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பரவும் என்பதால், ரத்தத்து யூரியாவையும் கழுவுநீர் யூரியாவையும் ஒப்பிட்டு, எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று கணக்கிடுவார்கள். சலைன் உள்ளே அதிக நேரம் தங்கினால் ரத்தத்திலிருந்து யூரியா கசிந்து அந்தக் கணக்கும் பிசகும். எனவே செலுத்தியதும் இழு என்பதே விதி.

இந்தக் கழுவலை ஆராய்ச்சிக்காக மட்டும் எல்லாருக்கும் செய்துவிட முடியாது, கூடாது. அறநெறிக் குழு ஒப்புதலும், நோயாளி தமிழில் படித்தோ கேட்டோ புரிந்துகொண்டு தந்த சம்மதமும் வேண்டும். பலருக்கு அதைவிட எளிய வழி போதும்: உப்புச் செறிவு கூடிய சலைன் ஆவியை உள்ளிழுத்துச் சளியை வரவழைப்பது. அதற்கு முன் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுத்து, ஊதும் திறனை அளந்துகொண்டே வரவேண்டும். 20 விழுக்காடு இறங்கினால் அப்போதே நிறுத்த வேண்டும். இந்தச் சளியில் ஈசினோபில் 3 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈசினோபில் வகை ஆஸ்துமா என்று கொள்கிறார்கள்.

அடுத்த படி மூலக்கூறு. யானைக்கால் புழுவின் ஒரு புரதம் மனித நுரையீரலின் உள்வரியில் இருக்கும் காமா குளூட்டமைல் டிரான்ஸ்பெப்டிடேஸ் என்ற நொதியை ஒத்திருப்பதை நட்மன் குழுவினர் கண்டார்கள். புழுவுக்காக உருவான எதிர்ப்பொருள் நம் உள்வரியையே குறிபார்க்கக்கூடும் என்பது இதன் பொருள். மருந்துக்குப் பிறகும் அழற்சி எஞ்சுவதற்கு இதுவும் ஒரு விளக்கமாக முன்வைக்கப்பட்டது. எனக்கு இந்தத் துறையின் மிக அழகான பகுதி இதுதான்: 1960இல் மெழுகுச் சீவலில் கண்ட குவியலும், ஒரு நொதியின் உருவ ஒற்றுமையும் ஒரே கதையின் இரு முனைகள்.

ஆஸ்துமா ஆய்வும் இதே அணுவைத்தான் சுற்றி வந்தது. ஈசினோபிலை வளர்க்கும் சமிக்ஞை இன்டர்லூக்கின்-5. அதைத் தடுக்கும் மெபோலிசுமாப் என்ற ஊசியின் முதல் சோதனை 2000இல் வெளியானபோது, ஈசினோபில் குறைந்தது, ஆஸ்துமா மேம்படவில்லை. பலர் அந்த அணுவையே நிரபராதி என்று விட்டுவிட்டார்கள். தவறு மருந்தில் இல்லை, ஆளைத் தேர்ந்ததில் இருந்தது. சளியில் ஈசினோபில் மிகுந்து அடிக்கடி மோசமாகும் நோயாளிகளை மட்டும் எடுத்து 2009இல் வெளியான இரண்டு சோதனைகளில் அதே மெபோலிசுமாப் பயன் தந்தது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சரியாக அணுக்களை எண்ணாமல் போயிருந்தால் ஒரு நல்ல மருந்து குப்பைக்குப் போயிருக்கும்.

எந்த ஊர்?

இங்கேதான் வேலூருக்கே உரிய சிக்கல் வருகிறது. குளிர்நாடுகளில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 150, 300 ஈசினோபில் என்ற எல்லைகளை வைத்து இந்த ஊசிகளுக்கு ஆள் தேர்கிறார்கள். புழுக்கள் இன்னும் முழுதாக ஒழியாத ஊரில் அதே எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது சரியல்ல. ஆண்டுக்கொரு முறை வீடு வீடாகக் கொடுத்த யானைக்கால் மாத்திரை பரவலைத் தடுக்க ஒரு வேளை கொடுத்தது; வெப்பமண்டல ஈசினோபீலியா என்ற நுரையீரல் நோய்க்கோ ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து, மூன்று வாரம். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 360 மில்லிகிராம். "அந்த மாத்திரைதான் ஏற்கெனவே போட்டோமே" என்பவர்களிடம் இந்த வேறுபாட்டை விளக்காவிட்டால், ஐந்தாம் நாள் இருமல் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பும்.

வேலூரின் பெரிய மருத்துவமனை வாசலில் வங்காளியும் இந்தியும் அசாமியும் காதில் விழும். ஆகவே "வேலூர் நோயாளிகள்" என்று ஓர் ஆய்வில் எழுதினால், அவர்கள் வட ஆற்காட்டுக்காரர்கள் என்று நினைத்துவிட முடியாது. மணிப்பூர், நாகாலாந்திலிருந்து வந்து, நன்றாக வேகாத நண்டு சாப்பிடும் வழக்கமுள்ளவர் ரத்தச் சளி துப்பினால், ஈசினோபிலும் கூடியிருந்தால், நுரையீரல் தட்டைப்புழுவை நினைக்க வேண்டும். அதற்கு மருந்து பிராசிக்குவான்டல், ஹெட்ரசான் அல்ல. காசநோய் மருந்தும் அல்ல.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரை இன்னொரு பொறி. ஒரு வேளை போட்டாலே சில மணி நேரத்தில் ரத்தத்து ஈசினோபில் சரியும். மறுநாள் எடுக்கும் சீட்டு "இயல்பு" என்று வரும். நேற்று என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்காமல் எடுத்த ரத்தம் பொய் சொல்லும். அதைவிட ஆபத்து ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு. வெறுங்காலில் மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியே ஏறி, உடலுக்குள்ளேயே பல்லாண்டு பெருகும். ஆஸ்துமா என்று நினைத்து வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்தால் அது கட்டவிழ்ந்து உடல் முழுதும் பரவி உயிரைக் குடிக்கலாம். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் அது பெரும்பாலும் தப்பிவிடும். மலத்தை அகார் கூழ்த்தட்டில் வைத்துப் புழுவை வளரவிட்டுப் பார்ப்பதும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையும் மேல். இருப்பது தெரிந்தால் ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். வயல்வேலை செய்பவருக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன் இதைத் தேடுவது கட்டாயம் என்றே சொல்வேன்.

எல்லாவற்றையும் புழு தலையில் கட்டிவிடவும் கூடாது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று விட்டுப்போன கழிவில் ஆறிணைதிற குரோமியம், அதாவது அந்த உலோகத்தின் நச்சு மிகுந்த வடிவம், இருக்கிறது; அது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது, தொழில்வழி ஆஸ்துமாவையும் தூண்டக்கூடியது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் இடங்களில் பெரும்பாலும் நச்சு குறைந்த மூவிணைதிற குரோமியம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவது அடிக்கடி நடக்கிறது. வேலையிடத்தால்தான் இளைப்பு வருகிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவியான ஊதுமானியில் நாளுக்கு நான்கு முறை, வேலைக்குப் போகும் இரண்டு வாரமும் விடுப்பில் இருக்கும் இரண்டு வாரமும் ஊதிக் குறித்துவைத்தால், வேலை நாள்களில் ஏற்ற இறக்கம் 20 விழுக்காட்டைத் தாண்டுவது கோட்டில் தெரிந்துவிடும். கூலி போய்விடும் என்று விடுப்பெடுக்க முடியாத பீடித் தொழிலாளியிடம் அந்த இரண்டாவது இரண்டு வாரத்தை எப்படிப் பெறுவது என்பதுதான் கடினமான கேள்வி. ஆய்வுத் திட்டத்தில் அந்தக் கூலிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு மாதிரிக் குப்பியை உறைபெட்டியில் வைக்கும்போது அதன்மேல் எண் மட்டும் எழுதினால் போதாது. பிறந்த ஊர், கடந்த ஐந்தாண்டில் வாழ்ந்த ஊர், செய்யும் வேலை, கடைசியாக ஸ்டீராய்டு போட்ட நாள், கடைசியாகப் புழு மாத்திரை போட்ட நாள், ரத்தம் எடுத்த மணி. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக இந்த ஆறும் இருந்தால், இருபதாண்டு கழித்து வரும் ஆய்வாளர் இன்று இல்லாத கருவியில் அதே குப்பியைத் திறந்து, அதே கேள்வியைக் கேட்க முடியும்.